டிராகன்ஸ் டோக்மா: அம்மம்மாவுக்காகத்தான் இன்னும் விளையாடுறன்

'டிராகன்ஸ் டோக்மா: டார்க் அரிசன்' திரும்பவும் விலை இறங்கிக் கிடக்கு, எடுக்கலாமா என்று அக்கரைப்பற்றில் இருந்து கூட்டாளி ஒருவன் கேட்டான். 2016இல் கொம்பியூட்டருக்கு வந்த கேம், பழைய லேப்டொப்பிலும் ஓடும். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரியாதது தண்ணிப் பிரச்சினைதான்.

கதை தொடங்குவதே கசார்டிஸ் என்ற மீன்பிடிக் கிராமத்தில். நம்ம ஆள் அந்த ஊர்க்காரர். டிராகன் வந்து அவருடைய இதயத்தைப் பிடுங்கி விழுங்கிவிட்டுப் போகும், அதற்குப் பிறகும் மனுசன் எழும்பி வாள் தூக்குகிறார். அப்படிப்பட்டவர் ஆழத்தில் கால் வைத்தால் போதும், சிவப்புச் சிவப்பாய் என்னவோ நெளிந்து வந்து ஆளை இழுத்துவிடும். நீச்சல் என்ற பேச்சே இல்லை. துணையாள் தவறி விழுந்தால் அவரும் போச்சு. இடுப்பளவுத் தண்ணியில் நடந்தாலே லாந்தர் நூர்ந்துவிடும், அந்த ஊர் இரவோ கும்மிருட்டு.

நியாயத்தையும் சொல்ல வேணும். தண்ணிக்குள் இருக்கிற அந்தப் பிசாசுக்குக் கதையில் இடம் இருக்கு. கோப்ளின் என்ற குட்டி எதிரியைத் தூக்கி ஆழத்தில் எறிந்தால் அதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இருந்தும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற கல்லடியில் வளர்ந்த எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே பொடியன்களே நெஞ்சளவுத் தண்ணியில் நின்று வீச்சுவலை எறிகிறார்கள். மீன்பிடி ஊர் மனுசனுக்கு நீந்தத் தெரியாதாம்! 2024 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகத்திலும் இதையே வைத்திருக்கிறார்கள். அதுதான் கூடுதல் எரிச்சல்.

ஆனால் உருவம் அமைக்கிற இடம் இருக்கே, அதற்கு நான் அடிமை. உயரம், எடை, முகச் சுருக்கம், நிற்கிற விதம், நடை என்று எல்லாம் நம்ம கையில். எடை வெறும் அழகுக்கு இல்லை: 50 கிலோவுக்குக் குறைந்த ஆள் சாமான் கொஞ்சம்தான் சுமப்பார், களைப்பு மட்டும் கெதியாக ஆறும். நமக்கு ஒன்று, கூடவே வருகிற துணையாளுக்கு ஒன்று என்று இரண்டு உருவம் செய்யலாம். துணையாளை நான் அம்மம்மா மாதிரியே செய்தேன்: கட்டை உருவம், வெள்ளைத் தலை, கொஞ்சம் கூன், கையில் மந்திரக்கோல். எங்கேயோ இருந்து இதே கேமை விளையாடுகிறவர்கள் ஒன்லைனில் அவவைத் தங்கள் சண்டைக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் சத்திரத்தில் படுத்து எழும்பினால், அவ அவர்கள் கொடுத்துவிட்ட பரிசோடு வந்து நிற்கிறா. தோற்றத்துக்கென்று அவர்கள் போட்ட நட்சத்திரம் வேறு! அங்கே கற்றதை மறப்பதும் இல்லை. நான் முதல்முறை காண்கிற மிருகத்தை எப்படி அடிப்பதென்று எனக்கே சொல்லித் தருகிறா. வேறெந்தக் கேமிலும் எனக்கு இப்படிச் சந்தோசம் கிடைத்ததில்லை.

இருந்தும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேற்றிரவு பாறையில் கால் சறுக்கி அம்மம்மா தண்ணிக்குள் போனா.

எடுக்கத்தான் போகிறவர்கள் உருவத்தை ஆறுதலாக அமையுங்கள். விளையாடியதைச் சேமிக்கிற சேவ் ஒன்றுதான். புதிதாகத் தொடங்கினால் பழைய ஆளும் துணையாளும் சேர்ந்தே அழிந்துவிடுவார்கள்.