விழும்போது நான்கு விநாடி, எழும்போது நாற்பது

எங்கள் அலுவலகத்தின் மூன்று தளங்களுக்கும் முன்பு ஒரே ஒரு லேயர் 3 சுவிட்ச்தான் (வலைகளுக்கிடையே வழிகாட்டும் சுவிட்ச்) கேட்வே, அதாவது கணினிகளின் தரவு வெளியே போகும் வாசல். ஒரு நாள் முற்பகலில் அதன் பவர் சப்ளை கருகிவிட்டது. மாற்று சுவிட்சை வரவழைத்து, பழைய கான்ஃபிகரேஷனை ஏற்றி முடிப்பதற்குள் மாலை ஆறரை ஆகிவிட்டது. அடுத்த மாதமே இரண்டு சுவிட்சுகளாக்கி, ஒன்று விழுந்தால் மற்றது கேட்வே பொறுப்பை ஏற்கும் விஆர்ஆர்பி (VRRP) நெறிமுறையை அமைத்தேன். இப்போது நான்காவது ஆண்டு நடக்கிறது.

இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான ஹெச்எஸ்ஆர்பியைத்தான் (HSRP) முதலில் யோசித்தேன். ஆனால் எங்கள் சுவிட்சுகள் இரண்டும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள். பொதுத்தரமான விஆர்ஆர்பியைத் தவிர வேறு வழியில்லை. அமைப்பது பத்து நிமிட வேலை. 10.20.1.2, 10.20.1.3 என்று சுவிட்சுகளுக்குத் தனித்தனி முகவரி, இரண்டுக்கும் பொதுவாக 10.20.1.1. கணினிகள் அறிந்த கேட்வே அந்தப் பொது முகவரி மட்டுமே. மாஸ்டராக இருக்கும், அதாவது அப்போது கேட்வே வேலையைச் செய்யும் சுவிட்ச் விநாடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (குழு) முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும். அறிவிப்பு நின்று மூன்று விநாடியும் சொச்சமும் ஆனால் பேக்கப் பொறுப்பேற்கும். பேக்கப்பின் பிரியாரிட்டி (யார் மாஸ்டர் என்று தீர்மானிக்கும் எண், பெரியதே வெல்லும்) 100 என்றால் கணக்குப்படி 3.6 விநாடி. மேக் (வன்பொருள்) முகவரியும் பொதுவானதே என்பதால், எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கணினிகள் குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணை மாறவே வேண்டாம். மாஸ்டரின் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். பிங் என்ற சோதனைப் பாக்கெட்டுகளில் நான்கு தவறின, அவ்வளவுதான். அன்று எனக்கிருந்த பெருமிதம் ஏழு மாதம் நீடித்தது.

மாஸ்டரிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் ஃபைபரை எலி கடித்தது. இன்டர்நெட் நின்றுவிட்டது, மாஸ்டரோ பதவியை விடவில்லை. அறிவிப்புகள் உள்ளே லேன் வழியாகப் போகின்றன, வெளிவழி செத்தது விஆர்ஆர்பிக்கு எப்படித் தெரியும்? அந்த போர்ட் விழுந்தால் பிரியாரிட்டியைக் குறைக்கும்படி டிராக்கிங் போட்டேன். அதிலும் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். மாஸ்டர் 120, பேக்கப் 100. நான் குறைக்கச் சொன்னது 10. 110 ஆகியும் அதுவே மாஸ்டர்! எல்.கே.ஜி. கழித்தல் கணக்கு. இப்போது 30 குறைகிறது.

இதைவிடப் படுத்தியது திரும்பி வரும் நேரம்தான். ஃபர்ம்வேர் மாற்றத்துக்காக மாஸ்டரை ரீபூட் செய்தேன். அது படுத்தபோது யாருக்கும் தெரியவில்லை. எழுந்து வந்தபோது ஏறக்குறைய நாற்பது விநாடி எல்லாம் இருண்டுவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி அலறியது. விஆர்ஆர்பியில் ப்ரீஎம்ப்ட், அதாவது பிரியாரிட்டி கூடிய சுவிட்ச் திரும்பி வந்ததும் பதவியை எடுத்துக்கொள்வது, இயல்பாகவே செயலில் இருக்கும் (ஹெச்எஸ்ஆர்பியில் நாமாகப் போட வேண்டும்). போர்ட் எழுந்த உடனே, ஃபயர்வாலோடு ஓஎஸ்பிஎஃப் (வழித்தடங்களைப் பகிரும் நெறிமுறை) கூடி வழித்தடங்களைக் கற்றுக்கொள்ளும் முன்பே, பழைய எஜமானர் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். வந்த பாக்கெட்டுகளை எங்கே அனுப்புவதென்று தெரியாமல் கீழே போட்டார். ப்ரீஎம்ப்டுக்கு 120 விநாடி தாமதம் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ப்ரீஎம்ப்டையே அணைத்துவிடலாம் என்பார்கள் சிலர். சுவிட்சுகளுக்கிடையே சுழல் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் ரூட்டும் (மைய சுவிட்ச்) மாஸ்டரும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆகவே அணைக்கவில்லை.

போர்ட் பச்சையாக எரிய, இணையச் சேவை மட்டும் அப்பால் இறந்து கிடக்கும் நாட்களும் உண்டு. அதற்காகப் போர்ட்டோடு சேர்த்து, வெளியே ஒரு முகவரிக்கு பிங் அனுப்பிப் பார்த்தும் டிராக் செய்கிறேன். ஒரே முகவரியை நம்பாதீர்கள். அது பதில் சொல்லாத நாளில் காரணமே இல்லாமல் கேட்வே மாறும். நான் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டும் விழுந்தால்தான் மாற்றம்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்க் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கிறேன். சென்ற முறை மாஸ்டர் விழும்போது நான்கு பிங் தவறியது. திரும்பி வரும்போது ஒன்றுகூடத் தவறவில்லை.