மருந்து கேட்காத நீர்க்கடுப்பு: பினாங்கில் அம்மாவோடு

வயதான அம்மா அப்பாவைப் பார்க்கப் பினாங்குக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த முறை நான் ஜெலுத்தோங் வீட்டில் இருந்தபோது அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. எழுபதைத் தாண்டியவர், ரொம்ப காலமாக இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போனார், எரிகிறது என்றார். காய்ச்சல் இல்லை, இடுப்பு வலியும் இல்லை. சீனி போடாத பார்லித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். விடிந்ததும் பசியாற வைத்து, பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே காத்திருக்கவே இல்லை. டாக்டர் அன்பாகப் பேசினார். மலேசியாவில் தனியார் டாக்டர்களே மருந்தும் கொடுத்துவிடுவார்கள் என்பதால் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தது. முட்டி வலியோடு நடக்கிறவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை, அந்த வசதி பெரிய வசதிதான். ஆனால் சிறுநீர் எடுத்துக் கொடுங்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயோட்டிக் மாத்திரை கைக்கு வந்தது. போன வருஷமும் இதே தொல்லைக்கு இதே மாத்திரைதான் கொடுத்தார்கள் என்று அக்கா வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இனிப்பு நீர் உள்ள வயதான பெண், திரும்பத் திரும்ப வரும் தொற்று, முன்பு தின்ற அதே மருந்து. இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் வேலை ஒரு குப்பியில் சிறுநீரைப் பிடித்து கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க, அனுப்புவதுதான்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து, 16 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்குச் சாதாரண நீர்க்கடுப்பு என்றால் டாக்டரைப் பார்க்காமல் பார்மசியிலேயே மூன்று நாளைக்கு நைட்ரோபுரான்டோயின் என்ற ஆன்டிபயோட்டிக் வாங்கிக்கொள்ளலாம். 65 வயதாகிவிட்டால் அது கிடையாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். சிப்ரோபிளாக்சசின் அங்கே முதல் மருந்தே இல்லை. வேறு வழி இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இந்த வகை மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2016-லேயே சொல்லிவிட்டது. தசைநார், நரம்பு எல்லாம் பாதிக்கப்படலாம் என்பது காரணம்.

மாத்திரை கேட்கவில்லை. எரிச்சல் அப்படியே இருந்தது. வேறு ஆன்டிபயோட்டிக் வாங்கலாம் என்று அக்கா பார்மசிக்குப் போனார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டார். சட்டமும் அதுதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, கிட்னி எப்படி என்றெல்லாம் கேட்டு, அரசாங்க கிளினிக்குக்கே போங்கள் என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் கூட்டம். காலையில் போனால் மதியம்தான் திரும்ப முடியும். உட்கார இடம் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். நர்ஸ் அம்மாவிடம் குப்பியைக் கொடுத்துத் தமிழிலேயே விளக்கினார்: "நல்லா கழுவிட்டு உட்காருங்கம்மா. முதல்ல வர்றதப் பிடிக்காதீங்க, கொஞ்சம் போனப்புறம் நடுவுல வர்றதப் பிடிங்க. குப்பிக்கு உள்ள விரல் படக்கூடாது." தோலில் இருக்கும் கிருமி கலந்துவிட்டால் சோதனையே வீண். அதனால்தான் இந்தப் பக்குவம்.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். அம்மாவின் பழைய ரத்தப் பரிசோதனையைத் திறந்து கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, நைட்ரோபுரான்டோயின் எழுதினார். கிட்னி சரியாக இருந்தால்தான் இந்த மருந்து சிறுநீரில் போதுமான அளவு சேரும். மூத்திரப் பைக்கு நல்ல மருந்து, தொற்று கிட்னிக்கு ஏறிவிட்டால் உதவாது. 1950-களில் வந்த பழைய மருந்துதான், ஆனால் இன்றைக்கும் பெரும்பாலான ஈ.கோலை கிருமிகள் இதற்கு அடங்குகின்றன. சாப்பாட்டோடு போட வேண்டும், சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

சில நாளில் கல்ச்சர் ரிசல்ட் வந்தது. அக்கா மகள் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். தாளை மேசைமேல் விரித்து விரல் வைத்துக் காட்டினாள். மேலே கிருமியின் பெயர், ஈ.கோலை. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், நம் குடலிலேயே இருப்பது. கீழே வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. "ஆர் போட்டிருந்தா அந்த மருந்து கேட்காது சின்னம்மா, எஸ்னா கேட்கும்." ஆம்பிசிலினுக்கு ஆர். செபலோஸ்போரின் என்ற இன்னொரு வகை ஆன்டிபயோட்டிக்குகளுக்கும் ஆர். சிப்ரோபிளாக்சசினுக்கும் ஆர். நைட்ரோபுரான்டோயினுக்கு எஸ். அடியில் ஈ.எஸ்.பி.எல். என்று ஒரு குறிப்பு. பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப்போடும் நொதி அது. அந்தத் திறனைச் சுமக்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது, ஒரு கிருமி அதை இன்னொன்றுக்குக் கை மாற்றிவிடும். மற்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் பல நேரம் அதே வளையத்திலேயே ஏறிக்கொள்ளும். இப்படிப்பட்ட கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயோட்டிக் ஊசி ஏற்ற வேண்டிவரும். அதுவும் கேட்காத கிருமிகளுக்கு மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று கொலிஸ்டின். அந்த மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. மலேசியா 2019-ல் அப்படிக் கலப்பதைத் தடை செய்தது நல்ல காரியம்.

மருந்து கேட்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அம்மா தப்பித்தது கிருமி மூத்திரப் பையோடு நின்றதால், அந்த டாக்டர் சரியான மருந்தைத் தேர்ந்ததால்.

ஆகவே வீட்டில் வயதானவர்களோ, இனிப்பு நீர் உள்ளவர்களோ, கர்ப்பிணிகளோ, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருகிறவர்களோ இருந்தால், எந்த கிளினிக்காக இருந்தாலும் முதல் மாத்திரைக்கு முன் "சிறுநீர் கல்ச்சருக்கு அனுப்புகிறீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மருந்தை உடனே தொடங்கலாம், ரிசல்ட் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். ரிசல்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த டாக்டருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்றையும் அந்த டாக்டர் அழுத்திச் சொன்னார். எரிச்சல் நின்றுவிட்டால் மறுபடி சோதிக்க வேண்டாம். வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே சிறுநீரில் கிருமி இருக்கும், அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் எதிர்ப்புள்ள கிருமிதான் வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புவலி, தடுமாற்றம் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.