'ஒன் லீவ்'வா, 'அப்சென்ட்'டா?

கிளிநொச்சிக் கந்தோர் ஒன்றின் வட்ஸ்அப் குழுவில், முல்லைத்தீவிலிருந்து வேலைக்கு வரும் தங்கச்சி ஒருத்தி "ஐ ஆம் லீவ் டுடே" என்று போட்டிருந்தா. இதைத் திருத்தச் சொன்னால் பலர் "ஐ ஆம் அப்சென்ட் டுடே" என்று மாற்றுவினம். இலக்கணம் சரிதான், பொருள் வேறு. அப்சென்ட் என்றால் ஆள் வரவில்லை என்பது மட்டும். அனுமதி எடுத்தாவா என்று அது சொல்லாது. மேலதிகாரி கண்ணில் குற்றம் மாதிரியே படும். "ஐ ஆம் ஒன் லீவ் டுடே" என்றால் முறைப்படி எடுத்த லீவு. நான் எப்பவும் இதைத்தான் எழுதச் சொல்லுவன்.

மார்கழி மழையில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியை வெள்ளம் மூடி, லீவு கேட்கவே நேரமில்லாத நாளுக்கு மட்டும் இரண்டும் பொருந்தாது. அப்போது, "ஐ கான்ட் கம் டு வேர்க் டுடே பிகோஸ் த ரோட் இஸ் ஃப்ளடட்" என்று காரணத்தோடு எழுதுங்கோ.