தூத்துக்குடி கிரீஸா, கோத்தகிரி பல்பா?

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இப்போது என் பெயரில். தூத்துக்குடி மாமாவிடமும் அதே மாதிரி ஒன்று உண்டு. போனில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் துருவில்தான் வந்து நிற்போம். அவர் கிரீஸ் கட்சி, நான் மெல்லிய எண்ணெய்க் கட்சி.

அவர் ஊருக்கு அவர் சொல்வது சரிதான். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். மழையே இல்லாத நாளிலும் குழல் மேல் உப்புத் தண்ணீர் நிற்கும். அப்படியே எண்ணெய் தடவினால் உப்பு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் மாமா முதலில் ஈரத் துணியால் உப்பைத் துடைப்பார், நன்றாகக் காயவைப்பார், அப்புறம்தான் கிரீஸ். அது மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் விசைப் பகுதிக்குள் போனால் தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். குழலுக்குள் பூசியதைச் சுடுவதற்கு முன் பொட்டு விடாமல் எடுத்தாக வேண்டும்.

கோத்தகிரியில் உப்பு கிடையாது. இங்கே மேகமே வீட்டுக்குள் வரும். குளிர்ந்து கிடந்த இரும்பைக் கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். உடனே எண்ணெய் போடுவது வீண். திறந்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்து, மெல்லிய மெஷின் ஆயில் ஒரு பூச்சு. வாரம் ஒருமுறை இதைச் செய்யச் சோம்பல் படுகிறவர்கள் மாமா பக்கமே போய்விடலாம்.

தேங்காய் எண்ணெய்? சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். எங்கள் புட்டியில் பாதி வருஷம் அது வெள்ளைக் கல்தான். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். நீலகிரித் தைலம் பழைய பிசுக்கைக் கரைக்க அருமையானது, ஆனால் ஆவியாகிப் போய்விடும். 1953-ல் அமெரிக்காவில் உருவான டபிள்யூ.டி.-40-க்கு அந்தப் பெயரே நீரை விலக்கும் வேலையால் வந்தது. ஈரத்தை விரட்ட அது போதும், பல மாதக் காவலுக்குப் போதாது.

உண்மையில் மலையில் எந்த எண்ணெய் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். தாத்தாவின் தோல் உறைக்குள்ளேயே ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, தொட்ட இடமெல்லாம் செம்புள்ளி போட்டிருந்தது. சிலிக்கா ஜெல் காற்றுப் புகாத பெட்டிக்குத்தான் சரி. மர அலமாரியில் வைத்தால் ஊர் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்ச வேண்டியிருக்கும். என் தேர்வு, பூட்டிய அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு. உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூடினாலே ஈரப்பதம் இறங்கும். எல்.இ.டி. போட்டுவிட்டுச் சூடு வரவில்லையே என்று பார்க்காதீர்கள். தோட்டாக்களை மட்டும் அந்த அலமாரியில் வைக்கவே கூடாது.

தேர்தல் அறிவித்துத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் வாரா வாரம் அங்கே போய்த் துடைக்க முடியாது, பல்பும் போட முடியாது. அப்போது கெட்டியாகக் கிரீஸ் பூசித்தான் கொடுக்கிறேன். மாமாவுக்கு இது தெரியும். “தேர்தல் வந்தா நீயும் கட்சி மாறிடறியே மாப்ளே” என்பார்.