புதிய ஹார்ட் டிஸ்க் என்று கொடுத்தார்கள். அது ஏற்கெனவே 21,640 மணி நேரம் ஓடியிருந்தது

பழைய கணினி திறக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் பேச்சு முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றியே போகும். எனக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் செய்த வேலையைப் பற்றி. அதை எந்தக் கடையிலும் செய்யலாம்.

என்னுடையது பத்து வயதைத் தாண்டிய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் வரும், அதன்பின் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். சுற்றிக்கொண்டே இருந்து சட்டென்று உறைந்துவிடும். சில நாள் பொறுத்திருந்தால் தானே விடுபட்டு உள்ளே போகும். சில நாள் அணைத்து மறுபடி போட வேண்டும். அப்போது ஒன்றுமே நடக்காததுபோல் திறக்கும். உள்ளே போன பிறகு அனேகமாகத் தொல்லை இல்லை. இப்படி விட்டுவிட்டு வருகிற கோளாறுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு மிகவும் வசதியானது. எதை மாற்றினாலும் அடுத்த முறை சரியாகத் திறக்க வாய்ப்பிருக்கிறது. அதைக் கண்முன் திறந்து காட்டிப் பணத்தை வாங்கிவிடலாம்.

கடையில் பழுதுபார்ப்பவர் பெட்டியை மேசையில் வைத்தார், மின்சாரம் கொடுத்தார், புள்ளிகள் நிற்பதைப் பார்த்தார். மூடியைக் கூடத் திறக்கவில்லை. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, சார்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த இடத்தில் நின்றால் டிஸ்க்தான்" என்றார். அதோடு நிற்கவில்லை. "இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது, 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்களேன்" என்றும் சொன்னார். அவர் சொன்ன இரண்டுமே உண்மைதான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலி வேண்டும். ஆனால் ஆதரவு முடிந்த தேதியைப் பார்த்து எந்தக் கணினியும் புள்ளிகளைச் சுற்றுவதை நிறுத்துவதில்லை. தொடர்பில்லாத உண்மையை முன்னால் வைத்து, அதன் நிழலில் பொய்யை நகர்த்துவது இந்தத் தொழிலில் நான் கண்ட முதல் கைவரிசை.

புதிய கணினி வேண்டாம் என்றதும், "அப்படியானால் புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்றார். திரும்ப வாங்கும்போது நன்றாகவே திறந்தது. பில்லில் "ஹார்ட் டிஸ்க், விண்டோஸ், சர்வீஸ்" என்று மூன்று வரி. மாடலும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "கெட்டுப்போனதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள், தூக்கிப் போட்டுவிட்டோம்" என்றார். அதில் என் கோப்புகள் இருக்கின்றன, இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றதும், தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்ன டிஸ்க் அவருடைய மேசை இழுப்பறையிலிருந்தே வெளியே வந்தது.

அடுத்த வாரமே புள்ளிகள் மறுபடி உறைந்தன.

இந்த இடத்தில்தான் நானே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் தன் வரலாற்றைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் கொடுக்கப்பட்டது, எத்தனை இடங்கள் பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். என் "புதிய" டிஸ்க்கைப் பற்றி அது காட்டியது: ஓடிய நேரம் 21,640 மணி. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு, இரவும் பகலும் நிற்காமல். மின்சாரம் கொடுக்கப்பட்ட எண்ணிக்கையோ நூறைக்கூடத் தொடவில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ தினமும் அணைத்துப் போடுகிற கணினியில் இருந்த டிஸ்க்காக இருந்தால் இந்த எண் பல நூறாவது இருக்க வேண்டும். இது கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியிலோ, சர்வரிலோ இடைவிடாமல் சுழன்று, கழற்றி விற்கப்பட்ட சரக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியின் மூடியைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். மேல்பக்கத்து லேபிளில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிழிந்தால் உத்தரவாதம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. லேபிளில் எத்தனையோ வெற்றிடம் இருக்க, தயாரிப்புத் தேதி அச்சாகியிருக்கும் மூலைக்கு நேர் மேலே கொஞ்சம் சாய்வாக ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தபோது ஸ்டிக்கருக்கு அடியில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதைக் கிழிக்கவே தேவை வரவில்லை. லேபிளில் இருந்த வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தில் கொடுத்துப் பார்த்தேன். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது.

ஆனால் என் கோபம் பழையதைப் புதியதாக விற்றதோடு முடியவில்லை. அந்தக் கோளாறுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

கணினியில் நடப்பவற்றின் பதிவைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளுக்குள், உறைந்து நின்ற ஒவ்வொரு தடவையும் 129 என்ற எண்ணுடன் ஓர் எச்சரிக்கை வரிசையாக விழுந்திருந்தது. டிஸ்க்கிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், விண்டோஸ் காத்திருந்து, கடைசியில் இணைப்பை அறுத்து மறுபடி தொடங்கியதாக அதற்குப் பொருள். பதில் வராததற்கு டிஸ்க் காரணமாக இருக்கலாம், இடையில் உள்ள கேபிளும் காரணமாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சொல்லவும் ஸ்மார்ட்டிலேயே ஒரு வரி உண்டு. சி7 என்ற குறியீட்டுடன், சிஆர்சி பிழைகள் என்ற பெயரில் இருக்கும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்துபோன தகவல்களின் எண்ணிக்கை அது. பழைய டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டிப் பார்த்தேன். பழுதான இடங்களைச் சொல்லும் 05 வரி பூஜ்யம். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களைச் சொல்லும் சி5 வரி பூஜ்யம். சி7 மட்டும் 753. "போய்விட்டது" என்று சொல்லப்பட்ட டிஸ்க் ஆரோக்கியமாகவே இருந்தது. புதிதாகத் தலையில் கட்டிய டிஸ்க்கிலோ, ஒவ்வொரு உறைதலுக்குப் பிறகும் சி7 ஏறிக்கொண்டே போனது. காரணம், அவர் டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டு அதே பழைய கேபிளைத் திரும்பச் செருகியிருந்தார்.

(ஒரு சிறு எச்சரிக்கை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்ணிக்கைகள் இருக்கும் கடைசிப் பத்தியை, எழுத்துகளும் கலந்த பதினாறடிமான எண்ணில் காட்டும். மெனுவில் மூல மதிப்புகளைத் தசம எண்ணுக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள். இல்லாவிட்டால் 2எஃப்1 என்று நிற்பது 753 என்பது தெரியாது.)

அந்தக் கேபிள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சிவப்பு நிறச் சாட்டா கேபிள், முனையில் பூட்டுக் கொக்கி இல்லாத பழைய வகை. டிவிடி டிரைவின் கூண்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கூர்மையாக மடிந்து, மடிந்த இடத்தில் நிறமே வெளுத்திருந்தது. டிவிடி டிரைவுக்குப் போகும் கேபிளைக் கழற்றி அதை டிஸ்க்குக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான். சி7 எண் ஒருபோதும் குறையாது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது; 129 எச்சரிக்கையும் அதன்பின் வரவில்லை. ஒரு கணினியில் இருக்கும் பொருள்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று இந்தக் கேபிள். மூடியைத் திறந்து பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

"விண்டோஸ்" என்று பில்லில் போட்டிருந்தாரே, அதற்கும் ஒரு கதை உண்டு. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பை மறுபடி நிறுவினால், சாவி எதுவும் கேட்காமல் இணையத்தில் இணைந்தவுடன் தானே செயல்பாட்டுக்கு வந்துவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. நான் வைத்திருந்தது ஹோம் பதிப்பு. அவர் புரோ பதிப்பை நிறுவி, திருட்டுக் கருவி ஒன்றால் அதைச் செயல்படுத்தியிருந்தார். விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஒரு முழு ஃபோல்டரையே சோதிக்க வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் கண்ணைக் கட்டிவிட்டு அந்தக் கருவியை உள்ளே குடிவைத்திருக்கிறார். அதற்குள் வேறு என்ன வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். என் ஹோம் பதிப்பும் கோப்புகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. கடையில் இருந்த நாள்களில் அந்த டிஸ்க்கை யார் திறந்து பார்த்தார்கள் என்பது தெரியாததால் முக்கியமான கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன்.

இதை வைத்து டிஸ்க் கெட்டுப்போகவே போகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். டக் டக் என்று ஒலி வந்தாலோ, 05, சி5 வரிகள் நாளுக்கு நாள் ஏறினாலோ உண்மையிலேயே டிஸ்க் போகிறது. அப்போது முதல் வேலை கோப்புகளை நகலெடுப்பதுதான். டிஸ்க்கைச் சரிசெய்யும் கட்டளைகளை ஓடவிட்டு, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடாதீர்கள்.

கொடுக்கும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எதுவுமே வரும் முன்பே நின்றால் ராம், மின்வழங்கிப் பெட்டி பக்கம் சந்தேகம் போக வேண்டும். நிறுவனச் சின்னத்திலேயே நின்றால், கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் செருகிய அனைத்தையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழுதான பென் டிரைவோ கார்டு ரீடரோ கணினியை அங்கேயே கட்டிப்போடும். தேதியும் நேரமும் பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கலாம். சுவர்ச் சுவிட்சை அணைக்காத வரை அந்தக் கோளாறு வெளியே தெரியாது. கடை மேசையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், எதையோ மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று காட்ட அதுவும் ஒரு வழி.

ராம் அளவு, டிஸ்க்கின் மாடல், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். புது டிஸ்க் போட்டால் அதன் வரிசை எண் பில்லில் இருக்க வேண்டும், பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஸ்மார்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதியது என்றால் ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். அந்தக் கணக்கையே அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025இன் தொடக்கத்தில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல உண்மையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று வெளிப்பட்டது. இடையில் யாரோ ஸ்மார்ட் பதிவைத் துடைத்திருந்தார்கள். ஆனால் அந்த டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவும் இருந்தது. அதைத் துடைக்கவில்லை, குட்டு உடைந்தது.

என் சண்டை நின்ற இடம் அந்த வரிசை எண்தான். எண்களை எல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது நாங்கள் போட்ட டிஸ்க்கே இல்லை, பில்லில் எண் இருக்கிறதா?" என்றார் முதலாளி. பில்லில் எண் இல்லை. டிஸ்க்கின் மேல் அவருடைய கடை ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அதைத் திருப்பிக் காட்டியதும் பேச்சு மாறியது: "இந்த மாடலுக்குப் புதிது வருவதில்லை, சார். எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்." டிஸ்க்குக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தார். விண்டோஸுக்கும் சர்வீஸுக்கும் வாங்கியதைத் தரவில்லை. வேலை செய்தோமே என்றார்.