சுங்கை சிப்புட்டில் கிடைக்கும் டிஎஸ்எல் ஸ்பிளிட்டர்: எந்த வீட்டுக்குப் பயன்படும்?

தொலைபேசிக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பேச்சையும் இணையத்தையும் இரண்டாகப் பிரித்துவிடும் சிறிய பெட்டிதான் டிஎஸ்எல் ஸ்பிளிட்டர். டிஎஸ்எல் என்பது தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் முறை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் மின்சாதனப் பொருள் விற்கும் கடைகளில் விசாரித்தால் உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறார்கள்; நான் கொடுத்த விலை முப்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர்கூட இல்லை. அப்படிப்பட்ட பொருளைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. செம்புக் கம்பி வழியாகவே இணையம் வரும் வீடுகளில், வேகம் குறைந்தவுடன் மோடத்தை மாற்றுகிறோம், வைஃபை கருவி ஒன்றைக் கூடுதலாக வாங்குகிறோம், விலை உயர்ந்த திட்டத்துக்குத் தாவுகிறோம். சுவரோரமும் கூரைக்கு அடியிலும் கிடக்கும் பழைய தொலைபேசி வயரிங்கை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த வயரிங்கைப் பிடுங்கி எறியாமலேயே அதன் கெடுதலிலிருந்து இணையத்தை விலக்கி வைக்க இந்தப் பெட்டி உதவுகிறது.

நம் ஊர்த் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், உள்ள வீடுகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீடுகள் அவை. பின்புறம் சமையலறையை நீட்டினார்கள், பக்கத்தில் ஓர் அறை சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தொலைபேசிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் இழுக்கப்பட்டது: கூடத்தில் ஒன்று, அம்மாவின் படுக்கைக்கு அருகே ஒன்று, சமையலறையில் ஒன்று. கம்பியைச் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, ஓட்டுக்கு அடியில் விட்டுவிட்டார்கள். பேச்சுக்கு அது போதுமானதாகவே இருந்தது. பின்னர் கைப்பேசிகள் வந்தன. சுவரில் இருந்த தொலைபேசிகள் கழற்றப்பட்டன. கம்பிகள் மட்டும் எங்கும் போய்ச் சேராமல் அப்படியே கிடக்கின்றன. ஈரக்காற்றில் செம்பு பச்சை பூக்கிறது, எறும்புகள் இணைப்புப் பெட்டிக்குள் குடியேறுகின்றன, மழை நாளில் ஒழுகும் சுவர் கம்பியையும் நனைக்கிறது.

இவ்வளவு இருந்தும் தொலைபேசியை எடுத்தால் குரல் தெளிவாகக் கேட்கிறது. அதனால் லைனில் குறையில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். மனிதக் குரலுக்கு ஒதுக்கப்பட்டது 4 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட மிகக் குறுகிய பகுதி. டிஎஸ்எல் வகைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல் இணையமோ அதே கம்பியில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. அதன் வேகமான வடிவமான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அகன்ற பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான சிறு தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று மோடம் அளந்து, அதற்கேற்ப அதிகபட்சம் 15 பிட் தகவல் வரை ஏற்றுகிறது. இரைச்சல் மிகுந்த தடத்தில் இரண்டோ மூன்றோ பிட்தான் ஏறும். சில தடங்கள் காலியாகவே விடப்படும். ஆகவே கெட்டுப்போன வயரிங் இணையத்தை முற்றாக நிறுத்துவதில்லை. மெல்ல மெல்ல வேகத்தைத் தின்கிறது. குரல் செல்லும் பகுதிக்கும் இணையம் செல்லும் பகுதிக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால்தான் தொலைபேசியின் தெளிவை வைத்து இணையத்தை எடைபோட முடியாது.

பயன்படாத கிளைக் கம்பிகள் செய்யும் கேடு இதைவிட நுட்பமானது. முனையில் எதுவும் பொருத்தப்படாத கிளைக்குள் அலை நுழைந்தால், முட்டுச்சந்தில் மோதியதுபோல் திரும்பி வந்து, புதிதாக வரும் அலையோடு கலக்கிறது. கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக அமையும் அதிர்வெண்ணில், திரும்பி வருவது வந்துகொண்டிருப்பதற்கு நேர் எதிராக நின்று அதை அழிக்கிறது. இத்தகைய கம்பியில் அலை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செல்கிறது என்று கொண்டால், கூடத்திலிருந்து பின்கட்டுச் சமையலறை வரை வளைந்து வளைந்து ஓடும் 30 மீட்டர் கிளை, 1.7 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளத்தை உண்டாக்கும். அது ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் பரப்பின் மேல்பாதியில் விழுகிறது. 15 மீட்டர் கிளையின் பள்ளம் 3.3 மெகாஹெர்ட்ஸ் அளவில் விழும். ஏடிஎஸ்எல்2+ அதிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் 17 மெகாஹெர்ட்ஸ் வரைகூடச் செல்லும், இன்னும் வேகமான வகையான விடிஎஸ்எல்2 தப்பாது. வேகமான இணைப்புக்கு மாறிய பிறகு தொல்லை கூடிவிட்டது என்று சிலர் சொல்வதில் இந்த வகையில் உண்மை இருக்கிறது.

ஸ்பிளிட்டர் இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே இடத்தில் தடுக்கிறது. அதன் உள்ளே இருப்பது சில கம்பிச்சுருள்களும் மின்தேக்கிகளும் மட்டுமே. தனியாக மின்சாரம் வேண்டாம். வெளியிலிருந்து வரும் லைனை ஒரு முனையில் கொடுத்தால், தொலைபேசிக்கான முனை வழியாகக் குறைந்த அதிர்வெண் மட்டும் செல்கிறது. வீட்டின் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தையும் அந்த முனைக்குப் பின்னால் கட்டிவிட்டால், இணைய அலை அவற்றுக்குள் நுழையவே முடியாது. எத்தனை கிளைகள் இருந்தாலும், எந்த இணைப்பு பச்சை பூத்திருந்தாலும், மோடத்தைப் பொறுத்தவரை அவை இல்லாதவை. மோடத்துக்கான முனையிலிருந்து ஒரே ஒரு புதிய கம்பியை நேராக இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனியாகச் செருகும் சிறு ஃபில்டர்களைவிட நான் இதை மேலாக மதிப்பதற்குக் காரணமும் அதுவே. சிறு ஃபில்டர் தொலைபேசிக் கருவியின் இடையூறை மட்டுமே தடுக்கிறது. அதுவரை ஓடிவரும் கிளைக் கம்பி இணையத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு தொலைபேசியையோ ஃபேக்ஸ் கருவியையோ திருட்டு அலாரத்தையோ ஃபில்டர் இல்லாமல் விட்டுவிட்டால், மற்ற இடங்களில் போட்ட ஃபில்டர்களின் பயனில் பெரும்பகுதி போய்விடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, சுவரில் கை வைக்க முடியாது என்பதால், ஃபில்டர்களே வழி. சொந்த வீடு என்றால் ஸ்பிளிட்டரே முறையான தீர்வு.

ஆயினும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில், உள்வயரிங் முழுவதையும் கழற்றிவிட்டு, மோடத்தை ஒரு குட்டைக் கம்பியால் நேராக இணைக்க வேண்டும். தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமான பக்கத்தை நாம் தொடக் கூடாது; வீட்டுப் பக்கத்து இணைப்பை மட்டுமே கழற்ற வேண்டும். லைனில் எப்போதும் சுமார் 48 வோல்ட் இருக்கும்; மணி அடிக்கும்போது அது 75 வோல்ட்டுக்கு மேல் போய் நன்றாகவே அதிர்ச்சி கொடுக்கும். இடி இடிக்கும் நேரத்தில் இந்த வேலையை நினைத்தும் பார்க்க வேண்டாம். பிறகு மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்து மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இணைப்பு வேகம், எஸ்என்ஆர் மார்ஜின் எனப்படும் இரைச்சல் இடைவெளி (இணைப்பு இன்னும் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்பதன் அளவு; கூடினால் நல்லது), சிஆர்சி பிழைகளின், அதாவது வழியில் சிதைந்து வந்த தகவல்களின், எண்ணிக்கை. மோடத்தை வழக்கமான இடத்தில் வைத்து அதே மூன்றையும் மறுபடி பார்த்து ஒப்பிட வேண்டும். வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கப்பட்ட திட்டங்களில் லைன் நன்றாக இருந்தால் மார்ஜின்தான் உயரும். வரம்பில்லாத இணைப்பிலோ மார்ஜின் 6 டெசிபெல் அளவிலேயே நிற்க, வேகம் உயரும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

என் வீட்டில் படுக்கையறைச் சுவரில் மார்ஜின் 5 டெசிபெல்லுக்கும் 7 டெசிபெல்லுக்கும் இடையே தள்ளாடியது. மழை பெய்தால் இணைப்பே அறுந்து மீண்டும் வரும். நுழைவுப் பெட்டியில் அதே மோடம் 13 டெசிபெல் காட்டியது. லைன் ஒன்றே, மோடமும் ஒன்றே. இடையில் இருந்தது எங்கள் வீட்டு வயரிங் மட்டும். ஸ்பிளிட்டரைப் பொருத்திய பிறகு அந்தப் 13 படுக்கையறை வரை வந்துவிட்டது, மழையிலும் நிற்கிறது. வேகத்தைவிட அறுபடாமல் இருப்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். பிள்ளைகள் இணைய வகுப்பில் இருக்கும்போது நடுவில் மோடம் புதிதாக இணைப்புத் தேடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அண்ணன் வீட்டில் கதை வேறு. நகருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசையில் அவர் இருக்கிறார். அங்கே லைனின் தேய்மானமே, அதாவது வரும் வழியில் அலை வலுவிழக்கும் அளவே, 58 டெசிபெல். நுழைவுப் பெட்டியில் பார்த்தாலும் கூடத்தில் பார்த்தாலும் எண்களில் வித்தியாசம் இல்லை. “பெட்டி வாங்கட்டுமா தம்பி?” என்று கேட்டார். “வேண்டாம் அண்ணே, குறை வீட்டுக்குள் இல்லை” என்றேன். தொலைபேசி நிலையத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நீண்டு வரும் கம்பியை இந்தப் பெட்டி குறுக்கித் தராது. இந்தப் பொருளை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் நான் அழுத்திச் சொல்கிறேன்: நுழைவுப் பெட்டியில் எண்கள் உயரவில்லை என்றால் வாங்காதீர்கள், குறித்துவைத்த எண்களோடு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். வீட்டு வயரிங்மீது பழி போட்டுவிட்டுப் போக அவர்களுக்கு அப்போது இடமிருக்காது.

பொருளின் தரத்தைப் பற்றி. உள்ளே உள்ள திருகு முனைகள் அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியை உறுதியாகப் பிடிக்கின்றன; இந்த விலைக்கு அது நல்ல வேலைப்பாடு. மூடி சரியாகப் பொருந்தவில்லை. ரப்பர் வளையம் எதுவும் இல்லாததால் வெளிச்சுவரில் வைக்கத் தகாது. வீட்டுக்கு உட்புறம்தான் மாட்ட வேண்டும், எறும்பு புகாமல் துளைகளை அடைக்கவும் வேண்டும். கூடவே வரும் தட்டையான கம்பியை நான் பயன்படுத்தவில்லை. முறுக்கு இல்லாத கம்பி, அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்ட கேட்5இ வகை நெட்வொர்க் கம்பியில் ஒரு ஜோடியை எடுத்து மோடம் வரை இழுத்தேன். அதன் மதிப்பு ஸ்பிளிட்டரின் மதிப்புக்குக் குறைந்ததில்லை.

மின்னல் பாதுகாப்பு இதில் கிடையாது. பேராக்கில் மாலை நேர இடிமழையை அறிந்தவர்கள் லைனையும் மின்சாரத்தையும் சேர்த்தே கழற்றி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். தொலைபேசித் துளையோடு வரும் மலிவான மின்பாதுகாப்புப் பலகைகளுக்குள் லைனை நுழைத்து எடுப்பதும் நல்லதல்ல. அவற்றில் சில, இணைய அலையையே மங்கச் செய்துவிடுகின்றன. பழைய இணைப்புகளால் தொலைபேசியில் கரகரப்பு இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும், ஏனெனில் அந்த இணைப்புகள் இன்னும் தொலைபேசிப் பக்கத்தில்தான் உள்ளன. திருட்டு அலாரம் லைனோடு இணைந்திருக்கும் வீடுகளில், அதை ஸ்பிளிட்டரின் தொலைபேசி முனைக்கு அடுத்தபடியாக, மற்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு முன்னால் வைக்க வேண்டும். இதை மட்டும் தெரிந்த வயர்மேனிடம் விடுவது நல்லது.

வீட்டுத் தொலைபேசியே பயன்படுத்தாதவர்களுக்கு ஸ்பிளிட்டர் தேவையில்லை. பழைய எக்ஸ்டென்ஷன்களை நுழைவுப் பெட்டியில் கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, முறுக்கிய ஜோடி ஒன்றை நேராக மோடத்துக்கு இழுத்தாலே அதே பலன் கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு சில மீட்டர் கம்பியும் தொலைபேசிக் கம்பியைச் செருகும் புதிய ஆர்ஜே11 முனை ஒன்றும்தான். இரண்டும் அதே கடைகளில் கிடைக்கின்றன.