டெசாரு கோல்ஃப் கோர்ஸ்: பழைய கேடி ஒருத்தரோட போய்ட்டு வந்தேன்

மலேசியாவுல ஜோகூர் கடலோரம் இருக்குற டெசாருல கோர்ஸ்ல காலு வச்சதும் எங்கப்பா கேட்ட மொதக் கேள்வி, “இந்தத் தண்ணியெல்லாம் எங்கடா போவுது?” முந்துன நாள் ராத்திரி பேய் மழை, ஆனா ஒரு எடத்துல கூட குட்டை நிக்கல. நான் கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், இவரு லொங்காங் (தண்ணி ஓடுற வடிகால்) தேடுறாரு.

நாங்க ரெங்கம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆளுங்க. அப்பா சின்ன வயசுல காலையில மரம் சீவிட்டு சாயங்காலம் தொரமாருங்க கிளப்புல கேடியா போவாரு (கேடின்னா ரவுடி இல்லப்பா, கோல்ஃப் பைய தூக்கிட்டு கூடவே நடக்குறவரு). ஒம்போது ஹோல்தான், ஒரு பக்கம் பால் மரம், இன்னொரு பக்கம் கிராணி (தோட்டத்துக் கணக்கப்பிள்ளை) வீடு, பந்து கிராணி வீட்டுக் கோழிக்கூண்டுல விழுந்தா அத எடுக்கப் போறதும் அப்பாதான். ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வெள்ளி. திங்கக்கிழம மட்டும் கேடிங்க ஆடிக்கலாம்னு விடுவாங்களாம், அவரு கத்துக்கிட்டது அப்படித்தான். எம். ராமையா, பி. குணசேகரன்னு நம்மாளுங்க ப்ரோவா (ஆட்டமே தொழிலா) ஆடுன காலத்துல பேப்பர்ல வந்த படத்தையெல்லாம் வெட்டி அலமாரி கதவுல ஒட்டி வச்சிருந்தாரு. அந்த ஒம்போது ஹோலும் இப்ப செம்பனை.

அதான் இந்த வருஷம் அவரு பொறந்தநாளுக்கு எல்ஸ் கிளப் டெசாரு கோஸ்ட்ங்கிற இந்த கோல்ஃப் கிளப்புல புக் பண்ணேன். சிம்பாங் ரெங்கம்ல ஹைவே ஏறி செனாய் போய், அங்கேர்ந்து செனாய் டெசாரு ஹைவே, 77 கிலோமீட்டர், 2011ல முழுசா தொறந்தது. முன்னெல்லாம் கோத்தா திங்கி டவுனுக்குள்ள பூந்து பூந்து போவணும், இப்ப சுங்கை ஜோகூர் பாலத்துல ஏறி எறங்குனா பாதி வழி முடிஞ்ச மாதிரி.

அங்க ரெண்டு கோர்ஸ் இருக்கு. ஓஷன் கோர்ஸ் எர்னி எல்ஸ் டிசைன், 27 ஹோல், கோஸ்ட், லேக்ஸ், ரிட்ஜ்னு மூணு ஒம்போதா பிரிச்சிருக்காங்க, அதுல ரெண்ட சேத்து ஆடணும். எல்ஸ் தென்னாப்பிரிக்காக்காரரு, 1994லயும் 1997லயும் யூ.எஸ். ஓப்பன், 2002லயும் 2012லயும் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்ச மனுஷன். வேலி கோர்ஸ் 18 ஹோல், அது எல்ஸும் விஜய் சிங்கும் சேந்து போட்டது.

விஜய் சிங்னு சொன்னதும் அப்பா பகியில (கோர்ஸ்ல ஓட்டிட்டுப் போற குட்டி வண்டி) நேரா உக்காந்துட்டாரு. பிஜித் தீவுல லௌத்தோக்காவுல பொறந்த இந்தியரு, 1984ல மலேசியன் பி.ஜி.ஏ. போட்டி ஜெயிச்சவரு, அப்புறம் காசு இல்லாத காலத்துல சபாவுல கெனிங்காவ்ல கிளப் ப்ரோவா இருந்து ஆளுங்களுக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்திருக்காரு. அதுக்கப்புறம்தான் 2000ல மாஸ்டர்ஸ் பட்டம், 2004ல டைகர் வுட்ஸ தள்ளிட்டு உலக நம்பர் ஒன். “கெனிங்காவ்லயா? நம்ம மரக்கட்டை லாரி போற கெனிங்காவா?”ன்னு மூணு வாட்டி கேட்டாரு.

போட்டோ புடிக்கணும், சொந்தக்காரங்க வாட்ஸாப் குரூப்ல போடணும்னா ஓஷன்ல கோஸ்ட் பக்கம் கேட்டு வாங்குங்க, தென் சீனக் கடல் காத்து மூஞ்சில வந்து அறையும், பந்து எங்க போவும்னு முருகனுக்குத்தான் தெரியும். ஆனா டிசைனர் மூளைய பாக்கணும்னா என் ஓட்டு வேலிக்குத்தான். கடல் இல்ல, ஏத்த எறக்கம்தான். கடல் பக்கத்துல எடமே பாதி வேலைய செஞ்சு குடுத்துடுது, இங்க எல்லாத்தையும் டிசைனர்தான் செய்யணும். அப்பா ஒரு ஃபேர்வேய்ல (ஹோலுக்குப் போற வெட்டுன புல்லுப் பாதை) எறங்கி நடந்துட்டு என்னைக் கூப்பிட்டாரு, ஓரத்துல லேசா ஒரு பள்ளம், புல்லு மூடியிருக்கு, தள்ளி நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது, போய்க்கிட்டே இருந்தா ஒரு வட்டக் கம்பி மூடி, அதுக்கு அடியில பைப்பு. “பாத்தியா, ஒளிச்சு வச்ச லொங்காங்”ங்கிறாரு. நாப்பது வருஷம் தோட்டத்துல காண் (வடிகால்) வெட்டுன கண்ணு, அத ஏமாத்த முடியாது. அப்புறம் ஒரு ஹோல்ல டீயில (மொத அடி அடிக்கிற எடம்) நின்னு பாத்தா மணல்குழி கிரீன (கொடி நட்டிருக்குற பொடிப்புல்லு எடம்) ஒட்டியே இருக்குற மாதிரி பயமா இருக்கு, நான் பெரிய மட்டையா எடுத்து அடிச்சு கிரீனுக்கு அந்தாண்ட காட்டுல விட்டேன், கிட்டப் போய்ப் பாத்தா குழிக்கும் கிரீனுக்கும் நடுவுல ஒரு லாரிய நிறுத்தலாம். அப்பா செவன் அயர்ன் மட்டையில மெதுவா தட்டி அந்த நடு எடத்துல எறக்குனாரு, ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு அவ்ளோதான்.

என் கொடுமை தனிக் கதை. ஆன்லைன்ல ஒருத்தன்கிட்ட செகண்ட் ஹேண்ட் மட்டை செட் வாங்கியிருந்தேன், “புதுசு மாதிரி அண்ணே”ன்னான். மூணாவது ஹோல்ல டிரைவர்ங்கிற பெரிய மட்டைய சுத்துனா அதோட தலை கழண்டு பந்த விட தூரமா போவுது. பின்னாடி வந்த சிங்கப்பூர் குரூப்பு கை தட்டுனாங்க. ஷாஃப்ட்டுக்கும் (மட்டைக் கம்பு) தலைக்கும் நடுவுல பழைய பசை பொடியாட்டம் உதிருது, அந்த ஆளு இப்ப மெசேஜ் பாத்துட்டு பதில் போடறதில்ல.

இதே எல்ஸ் லங்காவியில தெலுக் டத்தாய்ல போட்ட கோர்ஸ்ல ஒரு மணல்குழி கூட கிடையாது, மழைக்காட்டுல அடிக்கிற மழைக்கு மணல் நிக்காது, அதனால நெலத்தோட மேடு பள்ளத்த வச்சே ஆட்டத்த கஷ்டமாக்கியிருக்காரு. அப்பாகிட்ட சொன்னேன், “மழைய மதிக்கத் தெரிஞ்ச ஆளு”ன்னு சர்டிபிகேட் குடுத்துட்டாரு.

வெல சீப்பு இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன், ரெண்டு பேருக்கும் ஆன காசுக்கு வீட்டுல இன்னும் கணக்கு காட்டல. வார நாள்ல, காலையில சீக்கிரமா டீ டைம் (ஆட்டம் தொடங்குற நேரம்) எடுங்க. மத்தியானத்துக்கு மேல இடி வந்தா சைரன் ஊதி எல்லாரையும் உள்ள கூப்பிட்டுடுவாங்க, மேடான எடத்துல கையில இரும்புக் கம்பியோட நிக்கிற வெளையாட்டு இது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் கிழக்குக் கரையில பருவமழை, அப்ப வேணாம். பசிச்சா கோத்தா திங்கி வரைக்கும் வந்து மாமாக் கடையில சாப்டுங்க, நாங்க அதான் செஞ்சோம், ரெண்டு மீ கோரேங், ரெண்டு தே தாரே.

மார்ச்சுல ரிட்ஜ் பக்கம் ஆடணுமாம் அப்பாவுக்கு. நேத்து வீட்டுக்குப் போனேன், அஞ்சடியில (வீட்டு முன்னாடி திண்ணை) உக்காந்து அந்த டிரைவர் தலைய சூடு காட்டி பசை வச்சு ஒட்டிட்டு, பழைய சைக்கிள் டியூப்ப கிழிச்சு கழுத்துல சுத்திக்கிட்டு இருக்காரு.